விட முடியாதா?

"விட வேண்டும் என்று தெரியும், சுவாமி. ஆனால் விட முடியவில்லை." புகைபிடிப்போர் வாயிலிருந்து குருவானவர்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. வைத்தியரும் இதையே கேட்கிறார். வீட்டிலே மனைவியும் இதையே கேட்கிறாள். இப்படிச் சொல்பவன் பொய் சொல்லவில்லை. பலமுறை முயன்று, பலமுறை தோற்றுப்போனவன் அவன். ஆயினும் அவன் சொல்வது முழு உண்மைதானா என்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது. ஏனெனில் 'முடியவில்லை' என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவனுடைய பொறுப்பும், நம்பிக்கையும், சில வேளைகளில் உயிருமே தங்கியிருக்கின்றன.

முடியாத ஒன்றைச் செய்யும்படி எவரையும் கடமைப்படுத்த இயலாது என்பது ஒழுக்கவியலின் பழைய விதி. புகைப்பவனுக்கு விடவே முடியாது என்றால் அவனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நோயாளிக்குக் காட்டும் இரக்கத்தை அவனுக்கும் காட்டுவதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். விட முடியும் என்றால், மனமார விரும்பியும் இத்தனை பேர் தோற்பது ஏன்?

விடை தேடி நெடுந்தூரம் போகத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்திலுள்ள சீனன்குடாவுக்குப் போனால் போதும். பிரித்தானியர் காலத்தில் அமைக்கப்பட்ட எண்ணெய்க் குதங்கள் அங்கே நிற்கின்றன. எண்ணிக்கையில் அவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குதம் ஒன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. எண்ணெயை நெருப்பு தொட்டால் என்ன ஆகும் என்பதை அவ்வூர் கண்ணால் கண்டது. அதே குடாவின் கரையில் பெரிய கோதுமை மா ஆலை ஒன்றும் இயங்குகிறது. மாத்தூசி காற்றில் அடர்ந்து நிற்கும்போது ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். எனவே இத்தகைய இடங்களில் வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு விதி கண்டிப்பானது: உள்ளே நெருப்பு கூடாது. நெருப்புப் பெட்டியும் லைற்றரும் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும்.

இப்பொழுது ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் நாளில் மணிக்கு ஒரு சிகரெட் இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது. தேநீர் குடித்தால் ஒன்று, சோறு சாப்பிட்டால் ஒன்று, கூட்டாளியைக் கண்டால் ஒன்று. அதே மனிதன் வேலைநாளில் எட்டு மணி நேரம் உள்ளே இருக்கிறான். சிகரெட் இல்லை. இல்லையென்று மயங்கி விழுவதுமில்லை, வேலையை விட்டு ஓடுவதுமில்லை. வேலை முடிந்து வாயிலை நோக்கி நடக்கும்போதுதான் நெஞ்சு பரபரக்கிறது. வெளியே கால் வைத்ததும் முதல் வேலையாக ஒன்றைப் பற்றவைக்கிறான்.

இது சீனன்குடாவில் மட்டும் காணப்படும் புதுமையன்று. பக்கத்திலே கிண்ணியாவிலும் மூதூரிலும் நம் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு மாதத்தில் விடியலிலிருந்து சூரியன் மறையும் வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை, புகைப்பதுமில்லை. மற்ற நாளில் பெட்டி பெட்டியாகப் புகைப்பவரும் அப்பொழுது பகல் முழுவதும் பொறுத்திருக்கிறார்கள். நம்மவரிடையே விபூதிப் புதனன்று சிகரெட்டை விட்டு, தவக்காலம் முழுவதும் தொடாமல் இருந்து, உயிர்ப்புப் பெருவிழாவன்று காலைப் பூசை முடிந்த கையோடு பற்றவைப்போரும் உண்டு. நாற்பது நாள் முடிந்தவர்களுக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியாமற் போகிறது?

இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் சிலர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. விமானத்துக்குள் எவரும் புகைக்க முடியாது என்பதால், புகைப்பழக்கமுள்ள விமானப் பணியாளர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். சில மணி நேரத்தில் ஐரோப்பாவுக்குப் போய் இறங்கும் பயணத்திலும், பத்து மணி நேரத்துக்கு மேலாக அமெரிக்காவுக்குப் பறக்கும் பயணத்திலும், புகைக்க வேண்டும் என்ற ஆசை எப்பொழுது எவ்வளவு எழுகிறது என்று அவர்களையே குறிக்கச் செய்தார்கள். குறுகிய பயணத்தின் முடிவில் எழுந்த ஆசை, நீண்ட பயணத்தின் முடிவில் எழுந்த ஆசைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. நீண்ட பயணத்திலோ, அதே அளவு நேரம் கடந்திருந்தபோது ஆசை மிகவும் தணிந்தே இருந்தது. அதாவது, ஆசையைக் கூட்டியது சிகரெட் இல்லாமல் கழிந்த நேரம் மட்டுமன்று. 'இதோ இறங்கப் போகிறோம், இனிப் புகைக்கலாம்' என்ற எதிர்பார்ப்பே அதைப் பெரிதும் கிளப்பிவிட்டது.

உடலுக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. பழகிய மூளை அதைக் கேட்டு வருத்துகிறது. விட்டவனுக்கு எரிச்சல் வரும், நித்திரை கெடும், மனம் ஒன்றிலும் நிலைக்காது. இதைப் 'பாசாங்கு' என்று சொல்பவன் அந்த வேதனையை அறியாதவன். ஆனால் அந்த வேதனைக்கும் ஓர் அளவு உண்டு. முதல் சில நாட்களிலேயே அது உச்சத்துக்கு ஏறி, பெரும்பாலானோருக்கு மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடுகிறது என்று மருத்துவம் கூறுகிறது.

இந்தக் கணக்கைத் தவக்காலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நோன்பு மாதத்தில் பகலில் விட்டவர் இரவில் புகைத்துவிட்டால் உடல் தன் பழைய கடனை வசூலித்துக்கொள்கிறது. எண்ணெய்க் குதத்துத் தொழிலாளியின் நிலையும் அதுவே. ஆனால் நாற்பது நாள் முற்றாக விட்டிருந்தவனின் உடல் விடுதலையின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. மிகக் கடினமான வேலையை அவன் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டான். பெருவிழாவன்று காலையில் அவன் பற்றவைக்கும் சிகரெட்டை உடல் வற்புறுத்திக் கேட்கவில்லை. 'இன்றோடு முடிகிறது' என்று அவன் முன்கூட்டியே குறித்து வைத்த நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். நாற்பது நாள் பட்ட பாட்டின் பலனை அவனே வீதியில் கொட்டிவிடுகிறான். அந்த ஒரு காலையில், வேறு எந்த நாளிலும் இல்லாத அளவு, அவன் சுயாதீனன்.

ஆகவே 'விட முடியவில்லை' என்பது பாதி உண்மை. ஆசை மூண்டு எழுந்த நேரத்தில், சட்டைப்பையில் பெட்டியும் கையில் நெருப்பும் இருக்க, தன்னந்தனியாக அதை எதிர்த்து நிற்கப் பலரால் முடிவதில்லை. ஆசை வருமுன், அது வரும் வழியை அடைக்க அநேகமாக எவராலும் முடியும். மனச்சுயாதீனம் என்றால் எந்த நேரத்திலும் எதையும் செய்யும் ஆற்றல் என்று நாம் நினைக்கிறோம். நம்மைப் போன்ற பலவீனரிடம் அது அப்படிச் செயற்படுவதில்லை. தெளிவாக இருக்கும் நேரத்தில், தெளிவிழக்கப் போகும் நேரத்துக்காக ஒரு வாயிலைப் பூட்டிவைப்பதே பெரும்பாலும் நமக்கு வாய்த்த சுயாதீனம்.

இதை நன்கு அறிந்தவர் புனித அகுஸ்தீனார். அவர் காலத்து உரோமை உலகம் புகையிலையைக் கண்டதில்லை. அவர் போராடியது வேறொரு பழக்கத்தோடு. ஆயினும் 386ஆம் ஆண்டில் மிலான் நகரில் தாம் மனந்திரும்பிய கதையை எழுதும்போது, தமக்குள் இரண்டு சித்தங்கள் மோதியதையும், நாளை நாளை என்று தாம் தவணை கேட்டதையும் ஒளிக்காமல் கூறுகிறார். விரும்பிச் செய்தது பழக்கமாகி, எதிர்க்காமல் விட்ட பழக்கம் கட்டாயமாக மாறிய விதத்தைப் படிப்படியாக விளக்குகிறார். புகைப்பவன் அப்பகுதியை வாசித்தால் தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறது என்பான். ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின், 1980ஆம் ஆண்டில், தோமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் இதே இழுபறியை ஆராய்ந்தார். சிகரெட்டை வீசியெறிபவனும், சில மணி நேரத்தில் அதைத் தேடிக் கடைக்கு ஓடுபவனும் ஒரே உடலில் வாழும் இருவரைப் போல இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். முதலாமவன் வெல்ல வேண்டுமானால் இரண்டாமவன் எழுந்து வருமுன் கடையின் வழியை மறித்துவிட வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 'வாயிலில் காவற்காரன் நிற்பதால் புகைக்காமல் இருப்பது ஒரு புண்ணியமா? மதிலுக்குப் பயந்து நல்லவனாக இருப்பவன் நல்லவனா?' நியாயமான கேள்விதான். பிறர் கட்டிய மதிலுக்குள் அடைபட்டுக் கிடப்பவனிடம் புண்ணியம் இருப்பதாகச் சொல்ல முடியாது. தானே கட்டிய மதிலின் சங்கதி வேறு. திருமண நாளில் கணவனும் மனைவியும் கொடுக்கும் வாக்கு அப்படிப்பட்டதன்றோ? வரப்போகும் ஆண்டுகளில் மனம் தடுமாறலாம் என்று அறிந்தே அவர்கள் சாட்சிகளின் முன் தம்மைக் கட்டிக்கொள்கிறார்கள். அதை அடிமைத்தனம் என்று எவரும் சொல்வதில்லை. தன் சிகரெட்டுக் காசை மனைவியின் கையில் கொடுத்துவைப்பவனும், வேலைத்தலத்துக் கூட்டாளிகளிடம் 'இன்றிலிருந்து எனக்கு நீட்டாதே' என்று சொல்லிவைப்பவனும், வழமையாக வாங்கும் கடையைத் தவிர்த்து வேறு வீதியால் வீடு திரும்புபவனும் தம் சித்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேநீரோடு புகைத்துப் பழகியவன் சில வாரங்களுக்கு மோரோ தண்ணீரோ குடிக்கலாம். உடல் அடங்கிய பின்னும் பழைய இடமும் பழைய வேளையும் பழைய நண்பனும் ஆசையை எழுப்பக்கூடும். அவ்வாறு எழும் ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் வாயில் தேவை.

வாயிலுக்குக் காவலும் வேண்டும். அங்கேதான் புகைக்காத நமது கடமை தொடங்குகிறது. நாடு தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், அதன் விளம்பரங்களையும் தடைசெய்தது. 2015 முதல் சிகரெட்டுப் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் அச்சிடப்பட்டு வருகின்றன. திருச்சபையின் நடுவீட்டிலும் ஒரு வாயில் பூட்டப்பட்டது. வத்திக்கானில் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்பதை 2018 முதல் நிறுத்தும்படி பாப்பரசர் பிரான்சிஸ் 2017இல் முடிவுசெய்தார். மக்களின் உயிரைக் கெடுக்கும் ஒன்றிலிருந்து வரும் இலாபம் நியாயமானதன்று என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் சட்டம் கடைவாசல் வரைதான் வரும். வீட்டுக்குள் வர வேண்டியவர்கள் நாம். விட முயல்பவனின் எரிச்சலை இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வதும், மரண வீட்டிலும் கலியாண வீட்டிலும் தட்டில் சிகரெட் வைக்காமல் விடுவதும், தகப்பனை ஒற்றைச் சிகரெட் வாங்க அனுப்பப் பிள்ளையைத் தேடவிடாமல் செய்வதும் நம் கைக்கு எட்டிய காரியங்கள்.

தவறி விழுந்தவனைப் பரிகசிப்பது மட்டும் எவருக்கும் ஆகாது. முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் சிலரே. பலர் பலமுறை விழுந்து எழுந்துதான் விடுபட்டிருக்கிறார்கள். ஒரு சிகரெட் பிடித்துவிட்டதால் எல்லாம் போயிற்று என்று பெட்டி முழுவதையும் முடிப்பவன், சறுக்கியதற்காகக் கிணற்றில் குதிப்பவனை ஒப்பான். விழுந்தவன் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த வாயிலைத் திறந்து வைத்திருந்தேன்?' என்பதே. அதை அடைத்துவிட்டு மறுநாள் தொடங்கலாம்.

வயது போய்விட்டது, இனி விட்டு என்ன பயன் என்று கேட்போருக்கும் பதில் உண்டு. பிரித்தானிய வைத்தியர்களை 1951 தொடக்கம் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த றிச்சட் டோல் குழுவினர் 2004இல் தம் முடிவை வெளியிட்டார்கள். விடாமல் புகைத்தோர் சராசரியாகப் பத்து ஆண்டு வாழ்வை இழந்தார்கள். 30 வயதில் விட்டோர் அந்த இழப்பை ஏறக்குறைய முழுவதும் தவிர்த்துக்கொண்டார்கள். 40 வயதில் விட்டோருக்கு 9 ஆண்டும், 50இல் விட்டோருக்கு 6 ஆண்டும், 60இல் விட்டோருக்கும் 3 ஆண்டும் மிஞ்சின. மூன்று ஆண்டு என்பது சிறிய காலமன்று. ஒரு மகளின் கலியாணத்தைக் காணலாம், பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கலாம்.

சீனன்குடாவின் தொழிலாளி எண்ணெய்க் குதத்துக்குள் நெருப்புக் கொண்டுபோவதில்லை. அங்கே எரியப்போவது என்னவென்று அவனுக்குத் தெரியும். தன் நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதும், வீட்டில் தன்னை நம்பி இருப்போரும் அந்த எண்ணெயிலும் விலை குறைந்தவை அல்ல. அன்றாடம் எட்டு மணி நேரம் அவன் விட்டுக் காட்டுகிறான். ஒன்பதாவது மணிக்கு வேண்டிய வாயிலை அவன் இன்றே கட்டத் தொடங்கட்டும். கட்டுவதற்கு நாமும் ஒரு கை கொடுப்போமாக.