ஒப்புதலும் நம்பிக்கையும்

கரவெட்டியில் ஒரு வளவிலே தேங்காய் களவு போயிற்றென்று கொள்வோம். ஐயத்தின்பேரிற் பிடிபட்ட இளைஞன் பொலிஸ் நிலையத்தில் "நானே எடுத்தேன்" என்கிறான். பருத்தித்துறை நீதிமன்றிலே அச்சொல் அவனுக்கெதிராகச் செல்லாது. 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதனைத் தடுக்கிறது. அவன் சொற்கொண்டு தேங்காய் கண்டெடுக்கப்படின், அக்கண்டெடுப்பைப் பற்றிய பகுதியை மட்டும் 27ஆம் பிரிவு ஏற்கும். தேங்காயை அடித்து எவரும் பொய்யுரைக்கச் செய்தல் இயலாதன்றோ!

அவ்விளைஞன்மீதே பயங்கரவாதக் குற்றம் சாட்டப்படின் நிலை வேறு. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ அளித்த ஒப்புதலைச் சான்றாக்கிற்று. அது தன்னிச்சையானதன்று என நிறுவும் பொறுப்பையும் எதிரிமேலேயே சுமத்திற்று. பூட்டிய அறையில் நிகழ்ந்ததற்கு அவன் யாரைச் சாட்சியாக அழைப்பான்?

கடுங்குற்றங்களுக்குச் சான்று கிடைத்தல் அரிது, ஆதலின் விதி தளரவேண்டும் என்பர். இவ்வாதம் முற்றும் தள்ளத்தக்கதன்று. சாட்சிகள் அஞ்சி வாய்மூடிய காலங்களை வடமராட்சியும் அறியும். ஆயினும், களவு வழக்கில் தவறு நேரின் அவ்விளைஞன் இழப்பன சில மாதங்களே. தண்டனை வளருந்தோறும் நீதிபதியின் ஐயமும் வளர்தலே முறை. இங்கோ அது குறைக்கப்பட்டது. 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஒருவருக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தபோது, அவருக்கெதிராக இருந்தது இத்தகைய ஒப்புதல் ஒன்றே. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. எதிரிமேற் பொறுப்பைச் சுமத்தியது பிழையென 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு கண்டது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை மீளாய்வு செய்ய மறுத்தது.