கடைமடைக்கும் ஒரு தெனாரியம்



புரட்டாசி பிறந்துவிட்டது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் ஊர் வழியாக நடந்து போனவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு என்று வயல்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை கேட்கின்றன. இன்னும் சில வாரங்களில் ஐப்பசி வரும், கூதிர்காலம் தொடங்கும். வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. அதற்குள் நாற்று வேர்பிடிக்க வேண்டும். அறுத்த நெல் கரையேற வேண்டும். வடிகால் திறந்திருக்க வேண்டும். இந்த அவசரத்தைச் சுமந்துகொண்டுதான் இன்று திருப்பலிக்கு வந்திருக்கிறோம்.

திருச்சபையும் இந்த நாள்களில் நம்மை வயலுக்கே அழைத்துப் போகிறது. பொதுக்காலத்தின் 25, 26, 27ஆம் ஞாயிறுகளில் மத்தேயு நற்செய்தியிலிருந்து திராட்சைத் தோட்ட உவமைகள் மூன்றை அடுத்தடுத்துக் கேட்கிறோம். இன்று கூலியாள்கள், அடுத்த வாரம் தந்தையின் தோட்டத்துக்குப் போகச் சொல்லப்பட்ட இரண்டு மகன்கள், அதற்கடுத்து குத்தகைக்காரர்கள்.

இன்றைய உவமையில் நிலக்கிழார் ஐந்து முறை ஆள் தேடிப் போகிறார். விடியலில், ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கு. பாலஸ்தீனத்தில் திராட்சை பழுப்பது கோடையின் முடிவில். அதன்பின் அக்டோபர் வாக்கில் முன்மழை வரும். பழுத்த குலை காத்திருக்காது. ஆகவே அவருடைய அவசரம் நமக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது எதற்கு ஆள்? அங்கே நின்றவர்களிடம் அவர் என்ன வேலை தெரியும் என்று விசாரிக்கவில்லை. நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார்கள். அந்தப் பதில் அவருக்குப் போதுமாக இருந்தது.

மாலையில் அவர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் வழக்கமான ஒரு நாள் கூலி. அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்துக்கு அதுதான் அன்றைய சாப்பாடு. அதில் பாதி கொடுத்தால் அரை வயிறு. பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் பட்டினி. மாலை ஐந்து மணிக்கு வந்தவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு என்பதை அந்த நிலக்கிழார் அறிந்திருந்தார். அதனால் முழுக் கூலி கொடுத்தார்.

அன்பானவர்களே, இந்த ஐந்து நேரமும் நம் வீடுகளிலும் உண்டு. ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

விடியலுக்கு முன்பே அந்த வீட்டு அம்மா எழுந்துவிடுகிறார். சாணி அள்ளி, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்புகிறார். வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை பார்க்கப் போகிறார். இரவு வந்த தண்ணீர் ஏறியிருக்கிறதா, நண்டு வளையில் வரப்பு கசிகிறதா என்று பார்க்கிறார்.

ஒன்பது மணிக்கு நடவு வயலில் பெண்கள் குனிந்திருக்கிறார்கள். நாற்று பறித்து, முடி கட்டி, சேற்றில் வரிசை பிடித்து நடும் வேலையில் முதுகு நிமிர நேரம் கிடைப்பதில்லை. நிலத்துக்காரரின் மனைவியும் அதே வரிசையில் நிற்கிறார். அவருக்குக் கூலி இல்லை. பெரும்பாலும் பட்டாவிலும் அவர் பெயர் இல்லை.

நண்பகலில் தாத்தாவும் பாட்டியும் களத்தில் நெல்லைக் காலால் கிளறிக் காய வைக்கிறார்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த மாதத்து வானமோ காலையில் காயும், மாலையில் கறுக்கும். ஒரு மேகம் கூடினால் போதும், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வீடே ஓடுகிறது.

மூன்று மணிக்கு வீட்டுக்காரர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலுக்காக நிற்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும், சம்பாவுக்குக் காப்பீடு செய்யவும் அந்தத் தாள் வேண்டும். அலைச்சலும் விவசாயத்தில் ஒரு வேலைதான். அதற்கும் கூலி கிடையாது.

மாலை ஐந்து மணிக்குப் பள்ளிவிட்டு வந்த பிள்ளை ஆட்டுக்குட்டிகளை ஓட்டிவருகிறது. பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு கூலிக்கு நிற்கிறார்கள். அதே நேரத்தில் டீக்கடைப் பக்கம் அன்று வேலையே கிடைக்காத ஒருவரும் நிற்கிறார். வயதாகிவிட்டது என்று நடவுக் குழுவில் சேர்த்துக்கொள்ளப்படாத ஒரு விதவைத் தாயாக இருக்கலாம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு யாரும் கூப்பிடாத பெரியவராக இருக்கலாம். நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்வியை ஆண்டவர் இன்று அவர்கள் அருகில் நின்று கேட்கிறார்.

இரவில் அந்தக் குடும்பம் சோற்றுக்கு உட்காரும்போது யாரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு முதலில் கஞ்சி போகிறது. பகல் முழுவதும் விளையாடிய குழந்தைக்கும் வயிறு நிறையச் சோறு. இன்று நீ எவ்வளவு நட்டாய் என்று தாய் கேட்டுவிட்டுப் பரிமாறுவதில்லை. ஒவ்வொருவரின் பசிதான் அங்கே அளவு. நிலக்கிழார் தோட்டத்தில் செய்ததும் இதுவே. நம் வீட்டுக்குள் இயல்பாக நடக்கும் இந்த நீதி, வாசற்படியைத் தாண்டியதும் ஏன் நின்றுவிடுகிறது? இதுதான் இன்றைய நற்செய்தி நம்மிடம் கேட்கும் ஒரே கேள்வி.

நாம் காவிரிப் பாசனத்தின் கடைமடைக்காரர்கள். கடைசியில் நிற்பதன் வலி நமக்குத் தெரியும். மரபுப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்கிறார்கள். சில நாள்களில் கல்லணை திறக்கும். தலைமடையில் நாற்று பச்சை பிடித்த பிறகும் நம் வாய்க்காலில் மண்தான் தெரியும். அதனால்தான் நம்மில் பலர் நாற்றங்காலுக்குக் காத்திராமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். வெள்ளம் வந்தால் நிலைமை தலைகீழ். மேலே இருப்பவர்கள் வடித்த தண்ணீரெல்லாம் நம் வயலில் வந்து நிற்கிறது. கடைமடை வரை தண்ணீர் வர வேண்டும் என்று எத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அது நியாயமான கோரிக்கை. அதே நியாயத்தைத்தான் ஆண்டவர் கூலியிலும் கேட்கிறார். நமக்கு மேலே இருப்பவரிடம் கேட்பதை, நமக்கும் கீழே இருப்பவருக்கு நாம் கொடுக்கிறோமா?

முதலில் வந்தவர்களின் முணுமுணுப்பைக் கவனியுங்கள். அவர்களுடைய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. பேசியது பேசியபடி கிடைத்தது. கடைசியில் வந்தவரைத் தங்களுக்குச் சமமாக்கியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. இந்த மனநோய் நம் மண்ணில் என்ன செய்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், இந்தக் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிலமற்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தத் தொழிலாளர்கள் கேட்டது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல்லும், மனிதராக நடத்தப்படும் உரிமையும். உலகெங்கும் ஆலயங்களில் குழந்தை இயேசுவின் பிறப்பைப் பாடிய அந்த இரவை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் இன்றும் எந்தத் தெருக்காரர் என்று பார்த்துத் தனி டம்ளர் கொடுக்கும் வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டார் நற்கருணைக்கு முன் தங்கள் மனத்தைத் திருத்திக்கொள்ளட்டும்.

திருச்சபை ஒரு விவசாயக் கூலியைப் பீடத்தில் ஏற்றி வணங்குகிறது. மத்ரித் நகரைச் சேர்ந்த புனித இசிதோர் வாழ்நாளின் பெரும்பகுதியை இன்னொருவர் நிலத்தில் ஏர் ஓட்டிக் கழித்தவர். அவர் மனைவி மரியாவும் மக்களால் புனிதராகப் போற்றப்படுகிறார். 1622 மார்ச் 12 அன்று, நம் மண்ணில் நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்கும், புனித இஞ்ஞாசியாருக்கும், புனித அவிலா தெரேசாவுக்கும் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது, அதே நாளில் இந்த உழவருக்கும் கொடுக்கப்பட்டது. மறைப்பணியாளர், சபை நிறுவியவர், ஞான நூல்கள் எழுதியவர், சேற்றில் கால் வைத்தவர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அன்று ரோமையில் எல்லாருக்கும் ஒரே தெனாரியம்.

நம் பக்கத்திலும் சாட்சிகள் உண்டு. திருத்துறைப்பூண்டி பகுதியின் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித்தேடி மீட்டவர். 2018 டிசம்பரில் மறைந்தார். விதைத் திருவிழாவில் ஓர் உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள் என்பார். அப்படி வந்தது இன்னும் இரண்டு உழவர்களுக்குப் போனது. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் அப்படித்தான் வயலுக்கு வயல் பரவின. தனக்குக் கிடைத்ததை வரப்போடு நிறுத்திக்கொள்ளாத மனம் அது.

அன்பானவர்களே, நிலம் வைத்திருக்கும் உங்கள் துயரத்தையும் நான் அறியாமல் பேசவில்லை. உரமும் டீசலும் இயந்திர வாடகையும் ஏறிக்கொண்டே போகின்றன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது டெல்டாவில் உழவர்கள் பலர் உயிரிழந்தார்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல், பிள்ளைபோல வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. கூதிர்காலம் நெருங்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு பயம் வருகிறது. இன்றைய முதல் வாசகம், கடவுளின் எண்ணங்கள் நம் எண்ணங்களைப் போன்றவை அல்ல என்று எசாயா வழியாகச் சொன்னது. வாசகம் முடிந்த இடத்துக்கு அடுத்த வரிகளிலேயே எசாயா மழையைப் பற்றிப் பேசுகிறார். விதைப்பவருக்கு விதையும் உண்பவருக்கு உணவும் கொடுக்க அது இறங்கி வருகிறது என்கிறார். விளைச்சலை வைத்துக் கடவுள் உங்களை மதிப்பிடுவதில்லை. பயிர் மூழ்கிப்போன உழவரும் அவருக்கு முழுத் தெனாரியம் பெற வேண்டிய பிள்ளைதான். ஆகவே நஷ்டம் வந்தால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். கடன்காரர் நெருக்கினாலும், இனி வாழ்ந்து என்ன என்று மனம் சோர்ந்தாலும், எந்த இரவானாலும் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

மழைக்கு முன் நாம் செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். கூலியை இரவு முழுவதும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது லேவியர் நூலின் சட்டம். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற வழக்கத்தை நம் பங்கிலிருந்து எடுத்துவிடுவோம். இயந்திரத்தால் அறுத்தாலும் வயலின் மூலைகளை விட்டுவையுங்கள். ரூத்துக்குக் கதிர் பொறுக்கப் போவாசின் வயல் இருந்ததுபோல, நம் ஊர் விதவைத் தாய்க்கும் ஒரு வயல் இருக்கட்டும். உங்கள் வயல் நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்தவருக்குத் தண்ணீர் விடுங்கள். மனைவியின் பெயரையும் பட்டாவில் சேர்ப்பதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். வரும் சனிக்கிழமை காலை இளையோரும் அன்பியத்தாரும் மண்வெட்டியோடு வாருங்கள்; ஊர் வடிகாலில் மண்டியிருக்கும் ஆகாயத்தாமரையை எடுப்போம். வரும்போது, யாரும் கூப்பிடாத அந்தப் பெரியவரையும் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்போது நாம் பீடத்தில் அப்பத்தையும் இரசத்தையும் காணிக்கையாக்கப் போகிறோம். நிலமும் மனித உழைப்பும் சேர்ந்து கொடுத்தவை அவை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அங்கே கிடைப்பது ஒரே அப்பம். அதை வாங்கும் கைகளால் நாளை கூலி கொடுங்கள்; மடை திறந்துவிடுங்கள். கடைமடையில் இருக்கும் நம்மை ஒருபோதும் மறவாத ஆண்டவர், நமக்கும் கடைசியில் நிற்பவர்களை நாம் மறவாதிருக்க அருள்புரிவாராக. ஆமென்.