கோயிலும் கூலியும்: கேள்வி பதில்

ஞாயிறு மறையுரையில் ஃபாதர் சம்பளம், தொழிற்சங்கம், வெளிநாட்டுத் தொழிலாளர் என்று பேசுகிறார். நாங்கள் செபிக்கத்தானே கோயிலுக்கு வருகிறோம்? இது அரசியல் ஆகாதா?
— வாசகி, மெர்சிங்

ஆகாது, அம்மா. பொழுது சாயுமுன் கூலியாளின் கூலியைக் கொடுத்துவிடச் சொல்வது இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம். அறுவடை செய்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி யாருடைய காதுக்கு எட்டுகிறது என்பதை யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்கிறார். இன்றிரவு செபமாலை முடிந்ததும் இரண்டையும் எடுத்து வாசியுங்கள். ஃபாதர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்பது புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. 1889 ஆகஸ்டில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவரை தினமும் காலையில் துறைமுக வாசலில் ஒருவரை ஒருவர் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் பிடிப்பவர் கைகாட்டும் ஆளுக்கு மட்டும் அன்று வேலை, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். ஐந்து பென்ஸாக இருந்த மணிக்கூலியை ஆறு பென்ஸாக்கு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. அவர்களில் ஏராளமானோர் பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர். பேச்சுவார்த்தை முறிந்து, வீடுகளில் பட்டினி தொடங்கியபோது நடுவே வந்து நின்றவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் மேனிங். அப்போது அவருக்கு வயது 81. முதலாளிகளிடமும் போனார், தொழிலாளர் தலைவர்களிடமும் போனார். பாப்லர் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் உட்கார்ந்து வேலைநிறுத்தக் குழுவினரோடு மணிக்கணக்கில் பேசினார். செப்டம்பரில் உடன்பாடு வந்தது. ஆறு பென்ஸும் கிடைத்தது.

இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1891 மே 15 அன்று, திருத்தந்தை 13-ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டார். திருச்சபையின் நவீன சமூகப் படிப்பினைக்கு அடிக்கல் அதுதான். அதில் ஓரிடத்தை நம் மக்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தான்’ என்று சொல்லி முதலாளி தப்பிக்க முடியாது. வறுமைக்கும் பயத்துக்கும் கட்டுப்பட்டு ஒருவன் ஒப்புக்கொண்டால், அவன் அநீதிக்கு இரையானவன் என்கிறார் லியோ. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத்தான் வந்தார்கள். 1910 வரை அந்த முறை மலாயாவில் நீடித்தது. ரோமில் அந்த மடல் எழுதப்பட்ட நாளில் நம் பாட்டன் இங்கே தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றுகொண்டிருந்தான். தோட்டக் கணக்கரான கிராணி செக்ரோலில் பேர் எழுதினால்தான் அன்றைய கூலி. அவனும் ‘ஒப்புக்கொண்டவன்’தான், அம்மா.

2025 மே மாதம் தேர்வான இன்றைய திருத்தந்தை, அந்த லியோவையும் அந்த மடலையும் நினைத்தே 14-ஆம் லியோ என்ற பெயரை எடுத்ததாகக் கர்தினால்களிடம் சொன்னார். ரோமில் பேசலாம், மெர்சிங்கில் பேசக்கூடாதா?

இந்தோனேசியப் பணிப்பெண் ஓடிவிடக் கூடாதே என்று அவளுடைய கடப்பிதழை நான் வைத்திருக்கிறேன். பாவமா?
— பெயர் வேண்டாம், குளுவாங்

பாவம். 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமும்கூட. இன்றே அவள் கையில் கொடுங்கள்.

சூசையப்பருக்கு ஒன்பது புதன்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினால் பதவி உயர்வு கிடைக்குமா?
— வாசகர், எண்டாவ்

1955-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் மே 1-ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். அந்தத் தச்சரிடம் முதலில் நேர்மையான உழைப்பைக் கேளுங்கள்.

சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். மழைக்காலத்தில் தியோமான் படகும் சரியாக ஓடாது, ஆளும் வராது. வேலை செய்யும் நான்கு பேரையும் நவம்பரில் சம்பளமில்லாமல் அனுப்பிவிட்டு மார்ச்சில் கூப்பிட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், மெர்சிங்

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. திருச்சபைக்கும் புரியும். 1931-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் எழுதிய சுற்றுமடல், சம்பளம் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தொழிலின் நிலையையும் பார்க்க வேண்டும், தாங்க முடியாத கூலி கேட்டுத் தொழிலை அழிப்பதும் அநீதி என்கிறது. ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. முதலாளியின் அசட்டையால் வருமானம் குறைந்தால் அதைச் சாக்காகச் சொல்லிக் கூலியைக் குறைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

வடகிழக்குப் பருவமழை உங்களுக்குப் புதிய விருந்தாளியா? வருடா வருடம் வருகிறது. பள்ளி விடுமுறையில் அறையெல்லாம் நிரம்பி, படகுத்துறையில் பயணிகள் வரிசை பிடித்து நின்றபோது அந்த நால்வரும் ஞாயிறுகூட ஓயாமல் படுக்கை விரித்தார்கள், கழிவறை கழுவினார்கள். அப்போது வந்த பணத்திலேயே மழைமாதச் சம்பளத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருக்க வேண்டும். கூரை மாற்றுவது, சாயம் அடிப்பது, கட்டில் பழுதுபார்ப்பது இதையெல்லாம் வெளியாளுக்குக் குத்தகை விடாமல் அவர்களுக்கே கொடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள். எப்படியும் முடியாது என்றால் நால்வரையும் உட்கார வைத்து, கணக்கைக் காட்டி, இரண்டு மாதம் முன்பே பேசுங்கள். கடைசி நாளில் பையைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

தொழிற்சங்கம் என்றாலே கம்யூனிஸ்ட் வேலை என்பார் என் அப்பா. அவர் தோட்டத்தில் செம்பனை வெட்டியவர். அவர் சொல்வது சரியா?
— வாசகர், கோத்தா திங்கி

உங்கள் அப்பாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை சங்கம் என்ற சொல்லுக்கே கதவைச் சாத்தியது. ஆனால் தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கையான உரிமை, அரசு அதைத் தடுக்கக் கூடாது என்று 1891-லேயே எழுதியவர் ஒரு திருத்தந்தை. அதே ‘ரேரும் நோவாரும்’ மடலில் அவர் சோசலிசத்தையும் மறுத்தார், தனிச்சொத்து உரிமையையும் காத்தார்.

திருச்சபையின் இந்தச் சமூகப் படிப்பினைக்காக நம் வட்டாரத்திலேயே சிறை போனவர்கள் உண்டு. 1987 மே மாதம் சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்களில் திருச்சபையின் சமூகப் பணியாளர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கே மலேசியாவில் நடந்த ‘ஓப்பராசி லாலாங்’ கைதில், ஆயர்களின் மனித மேம்பாட்டு அலுவலகத்தை நடத்திய லசால் சபைத் துறவி சகோதரர் ஆந்தனி ரோஜர்ஸும் பிடிபட்டார். அவர்கள் பேசியது ஏழைகளுக்காக. நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் இவர்களைப் பற்றி யார் சொல்கிறார்கள்? எனக்கு இது பெரிய வருத்தம்.

என்னிடம் வேலை செய்த ஒருவருக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காமல் விட்டேன். அவர் லொம்போக் திரும்பிவிட்டார். அந்தத் தொகையைக் கோயில் உண்டியலில் போட்டால் பரிகாரம் ஆகுமா?
— பெயர் வேண்டாம், மெர்சிங்

ஆகாது. கடன் அவருக்கு; கோயிலுக்கு அல்ல. சக்கேயு ஏமாற்றிய பணத்தை ஏமாந்தவருக்கே நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். உங்கள் தொழிலாளியோடு வேலை பார்த்த லொம்போக்காரர்கள் இங்கே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு ஊர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு மூன்றையும் வாங்குங்கள். நீங்களே பேசி மன்னிப்புக் கேட்டுப் பணத்தை அனுப்புங்கள். அவர் இறந்திருந்தால் மனைவி மக்களுக்கு. உண்மையாகத் தேடியும் ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே அந்தத் தொகை ஏழைகளுக்கு. பாவசங்கீர்த்தனத்துக்கு இந்த வாரமே போங்கள். தேடுவதையும் இந்த வாரமே தொடங்குங்கள்.