சொல்லாமையின் அறம்

முன்னுரை

சொல்லின் சிறப்பைப் போற்றிய தமிழ் மரபு சொல்லாமையின் சிறப்பையும் உணர்ந்திருந்தது. திருக்குறள் அறத்துப்பாலில் ‘பயனில சொல்லாமை’ (அதி. 20) என ஓர் அதிகாரம் வகுத்து வீண்சொல்லைக் கடிகிறது. அந்நூலே பொருட்பாலில் ‘அவை அஞ்சாமை’ (அதி. 73) என்னும் அதிகாரத்தில், கற்றும் அவைக்கு அஞ்சி வாய் திறவாதாரை இகழ்கிறது. ஆகவே, பேசாமை தன்னளவில் அறமும் அன்று, குற்றமும் அன்று. எனின், அஃது எப்போது அறமாகிறது? இவ்வினாவை எழுத்து, நீதி, அரசியல் ஆகிய மூன்று களங்களில் வைத்து ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

எழுத்தில் இடைவெளி

ஓலைச்சுவடிகளில் சொற்கள் பொதுவாக இடைவெளியின்றித் தொடர்ந்தே எழுதப்பெற்றன. மெய்க்குப் புள்ளியிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. நிறுத்தம் எங்கே என்பதை யாப்பறிவும் ஆசிரியரிடம் கேட்ட பாடமுமே உணர்த்தின. அப்பயிற்சி இல்லாதார்க்குச் சுவடி திறந்திருந்தும் மூடியதே ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் அச்சு உரைநடையில் நிறுத்தக்குறிகளைக் கையாண்டனர். 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் செய்யுட்களைச் சந்தி பிரித்துத் தந்தன. தாளில் விடப்பெற்ற வெற்றிடம் பொதுவாசகர்க்கு வாயிலாயிற்று.

எனினும், இடைவெளி விடுவது ஒரு தீர்ப்பும் ஆகும். இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் தொடர் இதற்குத் தக்க சான்று. ‘செம்பொன் பதின் தொடி’ எனப் பிரித்தால் பத்துத் தொடி பொன். ‘செம்பு ஒன்பதின் தொடி’ எனப் பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. எங்கே நிறுத்துவது என்பதே பொருளை முடிவு செய்கிறது. எனவே, பிரிப்பவர் படிப்பவர்க்கு வழிவிடுவதோடு, மற்றொரு வழியை அடைக்கவும் கூடும் என்னும் பொறுப்புணர்வு வேண்டப்படுகிறது.

நீதியில் நிறுத்தம்

சிலப்பதிகாரத்தின் மதுரை நிகழ்ச்சியை நிறுத்தம் இழந்த நீதியின் கதையாகக் காணலாம். ஊடிய அரசியை நாடிச் செல்லும் வழியில் பாண்டியன் பொற்கொல்லன் கூற்றைக் கேட்கிறான், ஆராயாமல் ஆணையிடுகிறான். கொலைக்களத்தில் காவலர் சிலர் கோவலனின் தோற்றம் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். நீதி தழைத்திருக்கக்கூடிய இடைவெளி அதுவே. பொற்கொல்லன் களவு நூல் பேசி அவ்விடைவெளியை நிரப்புகிறான், வாள் வீழ்கிறது. அக்காட்சியில் கோவலனுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவனது பேச்சின்மை அவனே மேற்கொண்ட மௌனம் அன்று. எவரும் அவனை வினவவில்லை என்பதே அதன் காரணம்.

பின்னர் அவையில் கண்ணகி வழக்குரைக்க, மன்னன் சிலம்பின் பரல் முத்து என்கிறான்; அவள் மாணிக்கம் என்கிறாள். சிலம்பு உடைபட, உண்மை வெளிப்படுகிறது. முன்னரே கேட்டிருந்தால் ஓர் உயிரைக் காத்திருக்கக்கூடிய வினா காலங்கடந்து கேட்கப்பெற்றது. அரசன் விடவேண்டிய நிறுத்தத்தை விடாமையும், குற்றஞ்சாட்டப்பெற்றவன் பெறவேண்டிய பேச்சைப் பெறாமையும் ஒரே தவற்றின் இரு கூறுகள் என்பது இதனால் புலனாகிறது.

அரசியலில் மௌனம்

காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தவர். 1947 ஜூன் 2ஆம் நாள் திங்கட்கிழமை. அன்று வைசிராய் மவுண்ட்பேட்டன் நாட்டுப் பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்களிடம் முன்வைத்தார். தம்மைக் காண வந்த காந்தியடிகள் பேசாமல், பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். தம் மௌனத்திற்கு இரண்டு விலக்குகள் வைத்திருப்பதை அவ்வெழுத்திலேயே அவர் குறித்தார்: அவசரப் பொருள் குறித்து உயர் பொறுப்பில் இருப்போரிடம் பேசுதல், நோயுற்றோரைப் பேணுதல்.

இவ்விலக்குகள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. பிறர் துன்பமும் பொதுநலனும் குறுக்கிடும்போது மௌனம் வழிவிட வேண்டும் என்பதை அந்நோன்பு தனக்குள்ளேயே ஏற்றிருந்தது. ஆயினும் அன்று அவர் அவ்விலக்கைப் பயன்படுத்தவில்லை. பிரிவினைக்கு எதிரான தம் கருத்தை அவர் முன்னரே வெளிப்படையாகக் கூறியிருந்தார் என்பது ஒருபுறம். அம்மௌனம் வைசிராய்க்கு ஆறுதலாக அமைந்தது என்பது மறுபுறம். தூய நோக்குடைய மௌனமும் அதிகாரத்திற்கு வசதியாகிவிடக்கூடும் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. இடைவெளியின் மதிப்பு அதன் நீளத்தில் இல்லை. அது யாருக்கு இடம் தருகிறது என்பதில் உள்ளது. வலியவர் விடும் நிறுத்தம் எளியவர் பேச உதவும்போது அறமாகிறது. எளியவர்மேல் சுமத்தப்பெறும் பேச்சின்மையை மௌனம் எனப் போற்றுதல் பிழையாகும். தானே மேற்கொண்ட மௌனமும் பிறர் தேவை கண்டு கலையும் நெகிழ்ச்சி உடையதாதல் வேண்டும். பயனில சொல்லாமையையும் அவை அஞ்சாமையையும் ஒரே நூலில் வைத்த வள்ளுவரின் பார்வை இவ்விரு கடமைகளையும் ஒருங்கே வலியுறுத்துகிறது எனலாம்.