காண்பதும் கவர்வதும்

விடுமுறை நாளின் விடியற்காலையில் கழுத்தில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு, ஊர் எல்லையிலுள்ள நீர்க்கரைக்குச் செல்கிறார் ஒருவர். இரண்டு மணிநேரம் அங்கே நிற்கிறார். பறவைகளைப் பார்க்கிறார், தொலைவில் செல்லும் படகுகளைப் பார்க்கிறார், தலைக்குமேல் தாழ்ந்து இறங்கும் விமானங்களைப் பார்க்கிறார். சில படங்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். இதனால் அவருக்குப் பொருள் வரவில்லை, புகழும் வரவில்லை. இது வெறும் பொழுதுபோக்கா? அல்லது மனத்தைப் பண்படுத்தும் பயிற்சியா?

பல ஆண்டுகளாக நானும் இவ்வாறு சென்று வருபவன். இது ஒருவகை தியானம் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. அந்தப் பெருமையை ஒருநாள் ஒரு படகோட்டி கலைத்துவிட்டார். அவர் சொன்ன ஒரே வாக்கியத்தின் மீது எழுந்த சிந்தனையே இக்கட்டுரை.

ஒரு படகோட்டியின் சொல்

மும்பை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அதன் மேற்குக் கடற்கரை. கிழக்குக் கரையின் முகம் வேறு. சிவ்ரியிலிருந்து தாணே வரை சேற்று நிலமும் அலையாத்திக் காடும் நீண்டு கிடக்கின்றன. குளிர்காலத் தொடக்கம் முதல் மே மாதம் வரை பூநாரைகள் இங்கே ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. தாணே கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. மீனவர் படகுகள் செல்வது இந்தக் கழியில்தான். மும்பை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களில் பெரும்பாலானவை தாழ்ந்து வருவதும் இந்தக் கழியின் மேலாகத்தான். பறவை, படகு, விமானம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் நின்று காணலாம்.

சிறு பூநாரை உண்ணும் விதம் விந்தையானது. தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் அளைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசியை வடிகட்டி உண்கிறது. கடல் வற்றும்போது சேற்று நிலம் வெளிப்படுகிறது, ஏறும்போது மூழ்கிவிடுகிறது. ஆகவே அதன் உணவு வேளையைக் கடலே நிர்ணயிக்கிறது. அந்த வேளையும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். பெரிய உடலுக்குத் துளித்துளியாகச் சேரும் உணவு. அதற்கும் அளவான நேரம்.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் மூவருடன் ஒரு மீனவரின் சிறு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கழிக்குள் சென்றேன். சேற்றுத் திட்டின் ஓரத்தில் சில நூறு பறவைகள் தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பூநாரை சிறகு விரிக்கும்போதுதான் உள்ளே மறைந்திருக்கும் செந்நிறமும் கருநிறமும் புலப்படும். எங்களுக்கு அந்தக் காட்சி வேண்டும். படகை நெருக்கிச் செலுத்தி, இயந்திரத்தின் ஓசையைக் கூட்டுமாறு கேட்டோம்.

படகோட்டி முதியவர். சற்றுத் தயங்கிவிட்டு மராத்தியில் சொன்னார்: "சாஹேப், அவை சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. நிறைந்த தட்டின் முன் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்."

"ஒரே ஒரு தடவை, காகா" என்றோம். பணம் கொடுத்தவர்கள் நாங்கள். அவர் மறுபேச்சின்றி இயந்திரத்தை முடுக்கினார். கூட்டம் முழுவதும் நீரின்மேல் தடதடவென ஓடி எழுந்து, வானில் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கோ தொலைவில் சென்று இறங்கியது. நான் விரும்பிய படம் கிடைத்தது. பார்த்தவர் அனைவரும் புகழ்ந்தனர். அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஆனால் அதன்முன் நிற்கும்போதெல்லாம் சிறகுகளின் அழகைக் காண இயலவில்லை. எழுப்பப்பட்ட பந்திதான் தெரிந்தது.

பந்தியில் அமர்ந்த விருந்தினரை இலையிலிருந்து எழுப்புவதை நம்மில் யாரேனும் பொறுப்போமா? பறவையென்பதால் அது வெறும் காட்சியாகிவிட்டது.

இரு பறவைகள்

முண்டக உபநிஷதம் ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று பழத்தை உண்கிறது. மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. உண்பது வினைப்பயனில் கட்டுண்ட ஜீவன். பார்ப்பது சாட்சியாக விளங்கும் பரம்பொருள் என்று பெரியோர்கள் விளக்குவர்.

கேமராவோடு கரையில் நிற்பவன் தன்னை எளிதில் இரண்டாவது பறவையாக எண்ணிக்கொள்கிறான். 'நான் எதையும் கொல்லவில்லை. எதையும் எடுத்துச் செல்லவில்லை. பார்க்கிறேன், அவ்வளவுதான்' என்கிறான். அன்று படகில் இருந்த நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அங்கே நான் உண்ணும் பறவையாகவே இருந்தேன். வாயால் உண்ணவில்லை, கண்ணால் உண்டேன். பழத்தின் மீதுள்ள ஆசைக்கும் படத்தின் மீதுள்ள ஆசைக்கும் பற்று என்ற அளவில் வேறுபாடு ஏது?

ஆயினும் கவரும் மனம் காணும் மனமாக மாறக்கூடும். பறவையியல் அறிஞர் ஸாலிம் அலி 1896-ல் பம்பாயில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் அடையாளம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. அது என்ன பறவை என்றறிய அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலை மிதித்தார். பின்னாளில் ஆய்வின் பொருட்டு அவரும் பறவைகளைச் சேகரித்ததுண்டு. எனினும் நம் நாட்டில் எத்தனையோ பேருக்குப் பறவைகளை அன்போடு நோக்கக் கற்பித்தவர் அவரே. தமது சுயசரிதைக்கு 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்ற பொருளில் பெயர் சூட்டினார். வீழ்த்திய கை அந்த வீழ்ச்சியை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மூன்று காட்சிகள், மூன்று பயிற்சிகள்

பறவை, படகு, விமானம் ஆகிய மூன்றும் மூன்று வேறுபட்ட பாடங்களைத் தருகின்றன.

பறவையிடம் நாம் அனுமதி கேட்க இயலாது. வேண்டாமென்று அதனால் சொல்லவும் இயலாது. அதன் மறுப்பை அதன் உடலிலிருந்தே நாம் படித்தறிய வேண்டும். மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்கிறதா? துணையோடு சேர்ந்து மெல்ல விலகி நடக்கிறதா? அங்கேயே நம் கால்கள் நின்றுவிட வேண்டும். கூட்டருகே நாம் நின்றால் தாய்ப்பறவை திரும்பி வரத் தயங்கும். அதற்குள் முட்டைகள் வெயிலில் வாடும், அல்லது காகங்களுக்கு இரையாகும். கொடுப்பதுபோல் தோன்றும் கவர்தலும் உண்டு. மும்பைத் துறைமுகப் படகுகளில் செல்வோர், குளிர்காலத்தில் வரும் கடற்காகங்களுக்கு எண்ணெயில் பொரித்த தின்பண்டங்களை வீசுகின்றனர். பறவைகள் முகத்தருகே வருகின்றன. படமும் நன்றாக அமைகிறது. கருணை போன்ற அச்செயலில் நாம் ஊட்டுவது பெரும்பாலும் நமது ஆசையைத்தான். பறவை கற்பிப்பது அஹிம்சை.

படகில் இருப்பவர் மனிதர், அவரிடம் கேட்கலாம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. அந்நாட்களில் மும்பையின் கோலி மீனவர்கள் வலை பின்னுவார்கள், படகைப் பழுது பார்ப்பார்கள். ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்குவார்கள். கிழிந்த வலை, சுருங்கிய முகம், வண்ணக் கொடிகள் எல்லாம் படத்துக்கு அழகானவை. ஆனால் அந்த வலை கிழிந்தது அவருக்கு நட்டம். நமக்கு மட்டுமே அது அழகு. முதலில் வணக்கம் சொல்வோம், கேட்டுவிட்டு எடுப்போம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேமராவைத் தாழ்த்திக்கொள்வோம். படகு கற்பிப்பது மரியாதை.

விமானத்தை நம்மால் விரட்டவும் முடியாது, அழைக்கவும் முடியாது. காற்றை எதிர்த்தே அது இறங்கும், எழும். மும்பையில் மேற்கிலிருந்து கடற்காற்று வீசும் நாட்களில் அது கிழக்கிலிருந்து வருகிறது. காற்றுத் திசை மாறினால் அதன் பாதையும் மாறுகிறது. நாம் எவ்வளவு விரும்பினும் அது நமக்காகத் திரும்பாது. இராணுவத் தளங்களிலும் தடைசெய்யப்பட்ட இடங்களிலும் எத்துணை அரிய விமானம் நின்றாலும் நாம் கேமராவை எடுக்கலாகாது. விமானம் கற்பிப்பது அடக்கம்.

இந்த மூன்றும் ஒரே வானையும் ஒரே நீரையும் பகிர்ந்துகொள்கின்றன என்பதை மறக்க முடியாதபடி உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2024 மே 20-ஆம் நாள் இரவு, மும்பையில் இறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று காட்கோபர் பகுதியின் மேலே பூநாரைக் கூட்டத்தில் மோதியது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஏறத்தாழ 40 பறவைகள் தெருக்களில் இறந்து கிடந்தன. அந்த விமானிக்கு விலகிச் செல்ல வாய்ப்பு இருந்திருக்காது. எங்கள் படகுக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

கையிலிருந்தது நழுவிய காட்சி

அப்படியானால் கேமராவையே துறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் பறவையின் காலில் மாட்டிய வளையத்தின் எழுத்துகளை ஓர் எளிய ஆர்வலரின் படம் காட்டிக் கொடுக்கிறது. அப்பறவையின் பயணம் தெரியவருகிறது. ஒரு நீர்நிலை தூர்க்கப்படும்போது, அங்கே எந்தெந்த உயிர்கள் வாழ்ந்தன என்பதற்குப் படமே சான்றாகிறது. அன்போடு கண்டதைப் பிறருக்கும் காட்டுவது நல்ல பணி. காண்பதற்காக வந்தவனுக்குப் படம் ஒரு பிரசாதம். கவர்வதற்காக வந்தவனுக்கு அது ஒரு வேட்டைப்பொருள்.

காமார்புகூரில் வாழ்ந்த ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவன் பொரியைத் தின்றபடி வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தான். கரிய மேகத்தின் குறுக்கே வெண்கொக்குகள் வரிசையாகப் பறந்தன. அந்த அழகில் அவன் தன்னை மறந்து கீழே விழுந்தான், பொரி சிதறியது. பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ணராக உலகம் அறிந்த அச்சிறுவனின் கையிலிருந்தது காட்சியின் முன் தானாக நழுவியது. நம் கையோ, காட்சியைக் கண்டதும் எதையேனும் பற்றிக்கொள்ள நீள்கிறது. காண்பதற்கும் கவர்வதற்கும் உள்ள தொலைவு இவ்வளவுதான்.

மறு ஆண்டு தனியாகச் சென்று சிவ்ரிக் கரையில் நின்றேன். கடல் வற்றியிருந்தது, பறவைகள் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. அசையாமல் காத்திருந்தேன். நீர் மெல்ல ஏறியது. ஏற ஏற, மேய்ச்சல் நிலம் கரையை நோக்கிச் சுருங்கியது. யாரும் விரட்டாமல், யாரும் அழைக்காமல், பறவைகள் மேய்ந்தபடியே என்னை நோக்கி வந்தன. அன்று ஒளி மங்கலாக இருந்ததால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படமும் அமையவில்லை. ஆனால் ஒரு பறவையும் தலை நிமிரவில்லை.

அன்றுமுதல், புறப்படும் முன் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: 'இன்று கேமரா பழுதாகிவிட்டால், நான் அங்கே செல்வேனா?' செல்வேன் என்று மனம் உண்மையாகச் சொல்லும் நாளில் கேமராவையும் எடுத்துக்கொள்கிறேன். தயங்கும் நாளில் அதை வீட்டில் வைத்துவிட்டுச் செல்கிறேன்.