எந்தப் பாவத்தை ஜெயித்தார்?

சிலுவையில் இயேசு பாவத்தை ஜெயித்துவிட்டார் என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள். எந்தப் பாவத்தை? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போடுகிறவர்கள் பொய்யைச் சொல்கிறார்கள், குடியைச் சொல்கிறார்கள். ‘சாமி, சாதி பார்த்தேன்’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? பாவம்னு நினைச்சாத்தானே சொல்றதுக்கு!

பிரிக்கிற சுவரைக் கிறிஸ்து இடித்துவிட்டதாக எபேசியருக்குப் பவுல் எழுதினார். வடக்கன்குளத்தில் 1872இல் கோயிலையே வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டினார்கள். 1910இல் நடுச்சுவரை இடித்தபோது, இடித்தது தப்பு என்று கோர்ட்டுக்குப் போனார்கள் விசுவாசிகள். நம்ம சனத்துக்கோ பல ஊர்களில் செத்த பிறகும் தனிக் கல்லறைதான். உயிர்த்தெழுகிற நாளில் சுவருக்கு எந்தப் பக்கம் எழுந்திருப்பது?

பாவம் தனி ஆளின் மனசுக்குள் மட்டும் இருந்தால் கண்ணீர் போதும். சாதி நிலத்திலும் கல்லறையிலும் பீடத்திலும் இருக்கிறது, அழுது தீராது. சக்கேயு சும்மா மனம் வருந்தவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். அதற்கப்புறம்தான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொன்னார்.

மன்னிக்க நாங்கள் தயார். முதலில் திருப்பித் தாருங்கள்.