புகைபோக்கியின் நிழலில் மனிதர்

பிறர் படும் துன்பத்தை அழகிய ஓவியமாகத் தீட்டுவது அறமாகுமா? மலையையும் அருவியையும் தீட்டுவோரை எவரும் குறை கூறார். ஆலைப் புகையையும், அதன் கீழ் முதுகு வளைந்து நடப்போரையும் ஒருவர் தீட்டுகிறார். அப்படத்தை ஒரு செல்வர் வாங்கித் தம் மாளிகைச் சுவரில் மாட்டுகிறார். அங்கே விலைபோனது ஓவியரின் திறமையா, உழைப்போரின் துயரமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு இங்கிலாந்தின் ஓவியர் எல். எஸ். லௌரியின் வாழ்க்கை பெரிதும் துணைபுரியும். லங்காஷயரில் 1887-இல் பிறந்த அவர், 1909 முதல் 1948 வரை மான்செஸ்டருக்கு அணித்தான பெண்டில்பரியில் வாழ்ந்தார். பருத்தியாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர் அது. 1952-இல் ஓய்வு பெறும்வரை அவருக்குச் சோறளித்தது வீட்டு வாடகை வசூலிக்கும் வேலை. பகலில் ஏழையர் வாயிலில் நின்று வாடகை வாங்கினார். இரவில் அவர்களுடைய தெருக்களையே தீட்டினார். கறுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என ஐந்து வண்ணங்களே அவருக்குப் போதுமாயின.

ஆலையினின்று தொழிலாளர் வீடு திரும்பும் காட்சியை அவர் 1930-இல் தீட்டினார். ஆலை ஓங்கி நிற்கிறது. மாந்தரோ குச்சிபோல் மெலிந்து தோன்றுகின்றனர். முகம் தெளிவாய் இல்லை. அவர் மனிதர்களைத் தீக்குச்சிகள் என்று எள்ளினாரும் உண்டு. முதலாளியின் கணக்கேட்டில் தொழிலாளி ஓர் எண். ஓவியத்திலும் அவன் ஒரு கோடு எனின் வேற்றுமை யாது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

ஆயின் அவருடைய படங்களை ஊன்றி நோக்குக. ஒருவர் விரைகிறார், ஒருவர் நின்று பேசுகிறார், குழந்தைகளும் நாய்களும் இடையே ஓடுகின்றன. கணக்கேட்டில் ஒருவனை நீக்கி மற்றொருவனைச் சேர்த்தால் கூட்டுத்தொகை மாறாது. இப்படங்களிலோ ஓர் உருவை அகற்றினும் தெருவே மாறிவிடும். ஆலை பெரிதாகவும் மனிதன் சிறிதாகவும் இருந்த வாழ்வை அவர் உள்ளவாறே காட்டினார். மாறாகப் புன்னகை பூத்த முகங்களை வரைந்திருப்பின், அதுவன்றோ அம்மக்களுக்கு இழைத்த தீங்கு!

எனினும், கண்டு தீட்டியதனால் கடன் தீர்ந்துவிடாது. தெருவைத் தீட்டிய கை, அடுத்த வாரம் அதே தெருவில் வாடகைக்கு நீண்டது. படத்தால் ஒழுகும் கூரை ஒன்றும் அடைபடவில்லை. கால்பந்தாட்டம் காணச் செல்லும் மக்களை அவர் 1953-இல் தீட்டிய படம், 2022-இல் 78 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. சால்போர்டில் அவர் பெயர் தாங்கிய கலைக்கூடமே அதனை வாங்கியதால் பொதுமக்கள் காண வழி பிறந்தது நன்றே. ஆனால், அப்படத்தில் நடப்போர்க்கு அப்பெருந்தொகையில் ஒரு காசும் சேர்ந்ததில்லை.

ஆதலின் ஓவியரிடம் நாம் கேட்கத்தக்கது உண்மை ஒன்றே. கூலி உயர்த்துவதும் கூரை வேய்வதும் சமுதாயத்தின் பொறுப்பு. அதனை ஓவியர் தலையில் சுமத்திவிட்டு நாம் படத்தை வியந்து நிற்றல் தகாது. உழைப்போரைக் காட்டும் எப்படத்தையும் ஒரு வினாவால் அளந்தறியலாம்: அதிலுள்ளவன் வந்து பார்த்தால், "இது நான்தான்" என்று தலைநிமிர்ந்து சொல்வானா? சொல்வானாயின் ஓவியர் தம் கடமையைச் செய்துவிட்டார். எஞ்சிய கடமை பார்ப்போருடையது.